நான் எடுத்து வைத்த சாம்பல் நிறக் கேபிள்

தம்பி,

ஒரே வீட்டில், ஒரு பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் தூங்கும் பிள்ளைக்கு நலம் விசாரித்துக் கடிதம் தொடங்கினால் நீ சிரிப்பாய். உன் நலம் எனக்குத் தெரியும். சளி பிடித்திருக்கிறது, நான் மருந்து கொடுத்தால் குடிக்க மாட்டேன் என்கிறாய், விமலா கொடுத்தால் குடிக்கிறாய். கல்யாணமானவன் அப்படித்தான் இருக்க வேண்டும், அதில் எனக்குக் குறை இல்லை. என் நலத்தைத்தான் நீ கேட்க வேண்டும். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சொன்ன பேச்சைக் கேட்கின்றன, மனசுதான் கேட்கவில்லை. ஊரில் யாரையும் முகத்துக்கு நேரே நாலு கேள்வி கேட்டுவிடும் வாய் எனக்கு. சூலியா தெருவில் பாதிப் பேர் அதற்குப் பயந்தே என் கடையில் வாங்கின கேபிளைத் திருப்பிக் கொண்டு வர மாட்டார்கள். அந்த வாயால் உன்னிடம் ஒரே ஒரு விஷயத்தைச் சொல்ல நான்கு வருடமாக முடியவில்லை. தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்ததும், அதற்குப் பிறகு பத்திரிகை படித்தே வளர்த்ததுமான எழுத்து கையில் இருக்கிறது. கடையில் ஆள் வராத நேரத்தில் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் பொறுத்துக்கொள். எழுத்துப் பிழையைச் சொல்கிறேன். மற்றதைப் பொறுப்பதும் பொறுக்காததும் உன் இஷ்டம்.

ஞாயிற்றுக்கிழமை நீயும் விமலாவும் சாப்பாட்டு மேசையில் பேசிக்கொண்டிருந்தபோது நான் பின்னால் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். குழாயை மூடிவிட்டுக் கேட்டேன். ஒட்டுக் கேட்டேன் என்றே வைத்துக்கொள். தைவானில் புதிதாகத் திறக்கும் சர்க்யூட் வரைபடப் பிரிவுக்கு உன்னைத் தலைவராகப் போகச் சொல்கிறார்கள், மூன்று வருடம், விமலாவையும் கூட்டிக்கொண்டு போகலாம், வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அவள் எனக்கு முன்பே சொன்னதுதான். "ஏங்க, இன்னும் என்ன யோசனை?" என்று அவள் கேட்டாள். நீ, "வேணாம்லா. அங்க போனா வாரா வாரம் பத்துப் பேர் முன்னால நின்னு படத்தப் போட்டுப் பேசணும். எனக்கு அது வராது. ஒரு தடவ செஞ்சு பாத்தாச்சு, போதும்" என்றாய். "அது எப்பவோ நடந்தது," என்றாள் அவள். "எப்ப நடந்தா என்ன? நான் அப்பிடித்தான்னு அன்னிக்கே தெரிஞ்சுபோச்சு." இதைச் சொல்லிவிட்டு நீ ரசச் சோற்றைப் பிசைந்து சாப்பிட ஆரம்பித்தாய். நான் குழாயைத் திறந்துவிட்டு, கழுவின சட்டியையே திரும்பக் கழுவினேன்.

உனக்கு அப்படித் தெரிய வைத்தவள் நான். அக்கரையில், மாக் மண்டினில், உன் கம்பெனியின் மாடி ஹாலில் அன்று படம் கெட்டது உன் பேச்சால் அல்ல, நீ வரைந்ததாலும் அல்ல. நான் கொண்டு வந்து மாட்டின கேபிளால். அது அந்த வேலைக்கு ஆகாத கேபிள் என்று மாட்டுவதற்கு முன்பே எனக்குத் தெரியும். நல்ல கேபிள் கீழே வேனில் கிடந்தது. அதுவும் எனக்குத் தெரியும்.

எழுதிவிட்டேன். இனிமேல் நிதானமாகச் சொல்கிறேன்.

நான் தொழில் தெரியாதவள் இல்லை என்பதை நீ முதலில் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் அம்மா பாவம், தவறுதலாக நடந்திருக்கும் என்று நீயே எனக்கு வக்கீலாகிவிடுவாய். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் பதினோரு வருடம் கேபிள் வேலை பார்த்தேன். முதலில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன், பிறகு சோதனை மேசைக்கு மாற்றினார்கள். என் மேசையைத் தாண்டி மட்டமான சரக்கு வெளியே போகாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்தப் பேரை வைத்துத்தான் கடையே போட்டேன். கம்ப்யூட்டரிலிருந்து மானிட்டருக்கும் புரொஜெக்டருக்கும் படம் கொண்டு போகும் கேபிளுக்குள் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனிக் கம்பி. நல்ல கேபிளில் அந்த மூன்றும் டிவி ஏரியல் வயர் மாதிரி, ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு கம்பி வலை உறையோடு வரும். மட்டமானதில் மெல்லிய கம்பிகளை வெறுமனே ஒன்றாகக் கட்டி மேலே பிளாஸ்டிக்கைப் போர்த்தியிருப்பார்கள். மேசை மேல் ஒன்றரை மீட்டர் நீளத்துக்கு இரண்டும் ஒன்றுதான், என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியாது. நீளம் கூடினால் மட்டமானதின் சாயம் வெளுத்துவிடும். ஒவ்வொரு கோட்டுக்கும் வலது பக்கத்தில் இன்னொரு கோடு நிழலாக விழும். அதுவும் கல்யாண ஹாலில் மாப்பிள்ளை பெண் படத்தைக் காட்டினால் யார் கண்ணிலும் படாது. சின்ன எழுத்து, மெல்லிய கோடு என்று வரும்போதுதான் காட்டிக் கொடுக்கும்.

சூலியா தெருவில் காசு மாற்றும் கடை வைத்திருக்கும் அண்ணனை உனக்குத் தெரியும். அவர் ஒரு தடவை என்னிடம் கேட்காமல் வேறு எங்கோ கேபிள் வாங்கினார். கேபிளின் இரண்டு நுனியிலும் குண்டு குண்டாக ஒன்று இருக்குமே, அது பெரிதாக இருந்தால் நல்ல கேபிள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து மின்சார இரைச்சலைக் கொஞ்சம் தடுக்கத்தான் அந்தக் குண்டு. உள்ளே கம்பி மட்டமாக இருந்தால் அது என்ன செய்யும், மூக்குத்தி போட்டால் காய்ச்சல் போய்விடுமா? மூன்றாம் நாள் அவரே வந்தார். "அக்கா, வாசல்ல ரேட்டு காட்டுற மானிட்டர்ல மூணு எட்டு மாதிரித் தெரியுதுலா. ஒரு வெள்ளக்காரன் வந்து சண்ட போட்டுட்டுப் போறான்." போய்ப் பார்த்தேன். இரண்டு கேபிளை நடுவில் ஒட்டுப் போட்டு, அதை அப்படியே விசிறி வயரோடு சேர்த்துக் கட்டி வைத்திருந்தார். இந்த வயதில் ஸ்டூல் மேல் ஏறி, எல்லாவற்றையும் அவிழ்த்து, ஒட்டில்லாத ஒரே கேபிளை மின்சார வயருக்கு எட்டத்தில் இழுத்துக் கொடுத்தேன். திரை முழுக்க ஆங்கில எச் எழுத்தை அடித்து, அதன் இரண்டு கால்களும் ஒற்றையாக நிற்கின்றனவா என்று ரோட்டின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்த பிறகுதான் விட்டேன். யாரோ ஒருவருடைய மூன்று எட்டாகிவிடக் கூடாது என்று அவ்வளவு பாடுபட்டேன். அது உன் மாக் மண்டின் விஷயத்துக்கு இரண்டு மாதத்துக்கு முன்பு நடந்தது.

உன்னை ஜெர்மனிக்கு அனுப்பலாம் என்று கம்பெனியில் பேச்சு வந்தபோது நீ வீட்டுக்கு வந்து சொன்ன வார்த்தை எனக்கு அப்படியே இருக்கிறது. "ரெண்டு வருஷந்தாம்மா. ரெண்டு பேர்ல ஒருத்தர எடுப்பாங்க. பெரியவங்க ஜெர்மனியிலேருந்து வராங்க, அவங்க முன்னால வரைஞ்சதப் போட்டுப் பேசணும்." எனக்கு அதில் 'ரெண்டு வருஷந்தான்' மட்டும் காதில் விழுந்தது. உன் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறை வேலைக்குப் போனபோது "ஆறு மாசந்தான்" என்றார். நீ அப்போது மூன்றாம் வகுப்பு. ஒரு வருடம் கடிதமும் பணமும் வந்தன. பிறகு கடிதம் மட்டும் வந்தது. பிறகு அங்கிருந்து வந்த ஒருவர், உங்க வீட்டுக்காரருக்கு அங்க வேற வீடு இருக்கு என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போனார். அக்கம்பக்கத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் கப்பலில் இருக்கிறார் என்று சொன்னேன். எத்தனை வருடம்தான் ஒரு மனிதன் கப்பலிலேயே இருப்பான் என்று யாரும் கேட்கவில்லை, நல்ல மனிதர்கள். இதை நான் மன்னிப்புக்காகச் சொல்லவில்லை. நீ உன் அப்பா இல்லை என்பது எனக்கு அன்றைக்கும் நன்றாகத் தெரியும். மூன்றாம் வகுப்புப் பிள்ளை, அப்பா போன அடுத்த மாதமே "அம்மா, இனிமே கடைக்கு நான் போறேன்" என்று பையை வாங்கிக்கொண்டவன் நீ. தெரிந்துதான் செய்தேன்.

கூட்டத்துக்கு முதல் நாள் மாலை நீ கடைக்கு வந்தாய். "அம்மா, மேடையிலேருந்து புரொஜெக்டர் வரைக்கும் பதினஞ்சு மீட்டர் வேணும். எல்லாம் நம்ம கடையிலேருந்தே எடுத்துக்கலாம்னு மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். எது நல்லதுன்னு நீங்களே பாத்து எடுத்து வையுங்க. உங்களுக்குத் தெரியாததா?" என்றாய். நீ போன பிறகு அலமாரியைத் திறந்தேன். பதினைந்து மீட்டருக்கு என்னிடம் இரண்டு இருந்தன. ஒன்று கறுப்பு, கட்டைவிரல் தடிமன், ஒட்டில்லாத ஒரே நீளம், உள்ளே மூன்று நிறத்துக்கும் தனித்தனி உறை. இரண்டு நுனியையும் நானே பற்றவைத்தது. தூக்கினால் கை வலிக்கும், வளைத்தால் வளையாது. மற்றது சாம்பல் நிறம், ஐந்தைந்து மீட்டராக மூன்றை ஒட்டுப் போட்டது, கல்யாண ஹால்களுக்கு வாடகைக்குக் கொடுப்பது. கை முதலில் கறுப்புக்குத்தான் போனது. எடுத்து மேசை மேல் வைத்தேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த ஒரு தடவை மட்டும் போகாமல் இருக்கட்டும், இங்கேயே பெரிய வேலை தானாக வரும், கல்யாணம் முடிந்து அடுத்த தடவை போகட்டும் என்று என்னென்னவோ சொல்லிக்கொண்டேன். கறுப்பை ஓரமாக வைத்துவிட்டுச் சாம்பலைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தேன். காலையில் கறுப்பையும் தூக்கி வேனில் போட்டேன். இரண்டையும் கொண்டு போகிறேன், அங்கே போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒரு சாக்கு. திருடப் போகிறவன் வழியில் கோயிலுக்கும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவதுபோல.

அந்த ஹாலை நீ மேடையிலிருந்து பார்த்தாய், நான் பின்னாலிருந்து பார்த்தேன். உனக்குத் தெரியாத பாதியைச் சொல்கிறேன். கம்ப்யூட்டரின் படம் ஒரு சின்னப் பெட்டியில் இரண்டாகப் பிரிந்து, குட்டைக் கேபிள் வழியாக உன் முன்னால் இருந்த மானிட்டருக்கும், என் சாம்பல் கேபிள் வழியாகக் கடைசி வரிசைக்குப் பின்னால் இருந்த புரொஜெக்டருக்கும் போனது. உனக்கு முன்னால் பேசின பையன் பக்கத்துக்கு ஐந்து வரி, பெரிய பெரிய எழுத்தில் போட்டான். அவனுக்கு ஒரு குறையும் தெரியவில்லை. பிறகு நீ ஏறினாய். உன் படத்தில் ஒவ்வொரு கோடும் ஒரே ஒரு புள்ளி அகலம், அப்படி நூற்றுக்கணக்கில். உன் மானிட்டரில் எல்லாம் தெளிவாகத்தான் இருந்திருக்கும். பெரிய திரையில் ஒவ்வொரு கோடும் பக்கத்துக் கோட்டின் மேல் நிழலைச் சாய்த்துக்கொண்டிருந்தது. முன் வரிசையில் இருந்த ஜெர்மன்காரப் பெரியவர், இந்த இரண்டு கோடும் தொடுகின்றனவே என்று கேட்டார். தொடவில்லை என்றாய். அவர் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய்ப் பார்த்துவிட்டு, தொடுவதாகத்தான் எனக்குத் தெரிகிறது என்றார். சர்க்யூட் வரைகிறவனிடம் கோடு தொடுகிறது என்றால், நீ செய்தது எரிந்துபோகும் என்று அர்த்தம். நீ மானிட்டரைப் பார்த்தாய், திரையைப் பார்த்தாய், திரும்பவும் மானிட்டரைப் பார்த்தாய். உன் குரல் அங்கேதான் உடைந்தது. பெரிதாக்கிக் காட்டுகிறேன் என்று போய், எந்த இடம் என்பதையே தவறவிட்டாய். கையிலிருந்த தாள்கள் கீழே விழுந்தன.

அப்போது நீ அத்தனை பேர் தலைக்கும் மேலாக என்னைப் பார்த்துத் தமிழில் கேட்டாய். "அம்மா, ஃபோக்கஸக் கொஞ்சம் பாருங்க." எல்லாரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நான் லென்ஸ் வளையத்தைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினேன். ஃபோக்கஸில் ஒரு குறையும் இல்லை. தெரிந்துகொண்டே திருப்பினேன், அத்தனை பேரும் பார்க்கட்டும் என்று திருப்பினேன். கீழே போய்க் கறுப்புக் கேபிளைத் தூக்கி வந்து மாட்டப் பத்து நிமிடம் ஆகும். பத்து நிமிடம் பொறுங்கள், கேபிள் சரியில்லை என்று நான் சொல்லியிருந்தால் அந்தப் பெரியவர் ஒரு காப்பி குடித்துவிட்டு வந்திருப்பார். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "இவ்வளவுதான் தம்பி வரும்" என்றேன். முதல் நாள் அலமாரி முன்னால் செய்ததைக்கூட ஒரு பயத்தில் செய்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இதற்கு ஒன்றும் சொல்லிக்கொள்ள முடியவில்லை. என் பிள்ளை என்னிடம் உதவி கேட்டான், நான் உதவுவது போல நடித்தேன்.

திரும்பும்போது வேனை ஃபெரியில் ஏற்றிவிட்டு நாம் இருவரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். சாயங்கால வெயில். நீ அந்தத் தாள்களை மடித்துப் பைக்குள் வைத்தாய். பிறகு, "நான் பேசத் தெரியாதவம்மா" என்றாய். அப்போதாவது சொல்லியிருக்கலாம். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே நான் சொன்னேன், "எல்லாருக்கும் எல்லாம் வராது தம்பி. வாய் இருக்கிறவன் போகட்டும். உனக்குக் கை இருக்கு." நீ, "ஆமாம்மா" என்றாய். எனக்கு உள்ளுக்குள் பெரிய பாரம் இறங்கினது, அதையும் மறைக்காமல் எழுதுகிறேன். கரை இறங்கினதும் கச்சாங் கடலைப் பொட்டலம் ஒன்று வாங்கிக் கொடுத்தேன். நீ மறுக்காமல் சாப்பிட்டாய்.

அடுத்த மாதம் ஒரு மத்தியானம், நீ கடையில் மறந்து வைத்துவிட்டுப் போன ஃப்ளாப்பியை எடுத்தேன். வாசல் கதவைப் பாதி இறக்கிவிட்டு, கறுப்புக் கேபிளைக் கடை முழுக்க இழுத்துப் போட்டு, புரொஜெக்டரில் உன் படத்தைச் சுவரில் அடித்தேன். தம்பி, ஒரு கோடும் இன்னொன்றைத் தொடவில்லை. ஒவ்வொன்றாகக் குச்சியால் தொட்டுப் பார்த்தேன். அந்தக் காசு மாற்றும் அண்ணன் குனிந்து உள்ளே வந்து, "என்னக்கா இது, ஏதோ டவுன் மாதிரி இருக்கு?" என்று கேட்டார். "என் மகன் வரைஞ்சது" என்றேன். "நல்லா வரைஞ்சிருக்கான்லா, ஒண்ணோட ஒண்ணு முட்டாம" என்றார். ஜெர்மன்காரர் சொல்ல வேண்டியதை அவர் சொன்னார். அவர் போன பிறகு நான் அழுதேன். அழுது முடித்து, சாம்பல் கேபிளைத் துண்டு துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டேன். உண்மையை உன்னிடம் சொல்வதற்குப் பதிலாக அதைச் செய்தேன்.

அதற்குப் பிறகு நான்கு வருடம் நான் சுகமாக இருந்தேன். நீ என் கண் புரையை எடுக்க வைத்தாய். ஞாயிற்றுக்கிழமை பசாருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். எனக்குப் பிடித்த பெண்ணையே கட்டிக்கொண்டாய். நம் நாட்டு வெள்ளிப் பணத்தின் மதிப்பு விழுந்த வருடம் கடையில் ஈ ஓட்டினேன், நீதான் வாடகை கட்டினாய். ஒவ்வொன்றிலும், இது எனக்குச் சேர வேண்டியது இல்லை என்று ஒரு முள் குத்தும். குத்தட்டும் என்று விட்டுவிடுவேன். நீ சுகமாக இல்லை என்பதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். உன் கல்யாணத்தில் நண்பர்கள் மைக்கை நீட்டினபோது நீ வெளிறிப்போய் அதை மச்சான் கையில் திணித்துவிட்டு உள்ளே போனாய். நீ வரைந்ததை இன்னொருத்தன் எழுந்து நின்று சொல்லிக் கைதட்டு வாங்கின கதையை நீயே சிரித்துக்கொண்டு சொன்னாய். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம்போல இருக்கிறது.

நீ தைவானுக்குப் போனாலும் போகாவிட்டாலும், இனி எங்கே படம் போட்டாலும் கேபிளை நீயே தேர்ந்தெடுத்துக்கொள். ஹாலில் இருப்பதை நம்பாதே, உன்னுடையதை எடுத்துக்கொண்டு போ. கையில் தூக்கிப் பார், கனமாக இருக்க வேண்டும். குண்டைப் பார்த்து ஏமாறாதே. தேவைக்கு மேல் நீளம் வாங்காதே, குறைந்தால் ஒட்டுப் போடாதே. பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நல்ல கேபிளும் தடுமாறும், நடுவில் சத்தைக் கூட்டிக் கொடுக்கும் ஒரு சின்னப் பெட்டி விற்கிறார்கள், அதைக் கேட்டு வாங்கு. மின்சார வயரோடு ஒட்டி இழுக்க விடாதே. கூட்டம் வருவதற்கு முன்னால் திரை முழுக்க எச் எழுத்தை அடித்துவிட்டு, நீயே போய்க் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து பார். படம் சரியாக இல்லையென்றால் உன்னைச் சந்தேகப்படுவதற்கு முன் கேபிளைச் சந்தேகப்படு. அதற்கு முன்னால் அதை மாட்டினவரைச் சந்தேகப்படு, அது உன் அம்மாவாக இருந்தாலும்.

போ என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. அந்த ஊர் பிடிக்கவில்லை, விமலாவுக்கு ஒத்து வராது என்று நீங்கள் இருவரும் பேசி வேண்டாம் என்று முடிவு செய்தால் அது உங்கள் முடிவு. ஆனால் பேச வராது என்பதற்காக வேண்டாம் என்று சொல்லாதே. அது நான் சொன்ன பொய். அம்மா தனியாக இருப்பாளே என்பதற்காகவும் சொல்லாதே. நீ போனால் எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும், அதில் இன்னொரு பொய் சொல்ல மாட்டேன். பட வேண்டிய கஷ்டம் அது, நான்கு வருடம் தள்ளிப் போட்டிருக்கிறேன்.

இதுவரை எழுதினது திங்கட்கிழமையே முடிந்துவிட்டது. இன்று வியாழக்கிழமை. திங்கள் மாலை நீ தலைவலி என்று சுருண்டு படுத்திருந்தாய், இந்த நேரத்தில் வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை விமலாவின் அம்மா வந்திருந்தார். நேற்று நீ எனக்குப் பிடிக்குமே என்று லக்சா கட்டிக்கொண்டு வந்தாய், சாப்பிடும்போது எப்படிக் கொடுப்பது என்று விட்டுவிட்டேன். எல்லாம் நியாயமான காரணங்கள். இன்று காலை கைப்பையைத் திறந்து கடிதம் இருக்கிறதா என்று தடவிப் பார்த்தபோதுதான் எனக்கு உறைத்தது. வெள்ளிக்கிழமை தாண்டட்டும் என்று காத்திருக்கிறேன் நான். நீ வேண்டாம் என்று பதில் கொடுத்து முடித்த பிறகு இதை உன் கையில் கொடுத்தால், சொல்லிவிட்டேன் என்ற நிம்மதியும் எனக்கு வரும், நீயும் இங்கேயே இருப்பாய். லென்ஸ் வளையத்தைத் திருப்பின அதே கைதான் இது.

அதனால் உன்னிடம் கொடுக்க நல்ல நேரம் பார்க்கப் போவதில்லை. உறையில் போட்டு ஒட்டவும் இல்லை. விமலா இன்னும் கொஞ்ச நேரத்தில் பட்டர்வொர்த்துக்கு வேலைக்குக் கிளம்புவாள், அவளிடம் தருகிறேன். ஃபெரியில் உட்கார்ந்து முதலில் அவள் படிக்கட்டும், மாமியாரைப் பற்றி என்ன நினைக்க வேண்டுமோ நினைத்துக்கொள்ளட்டும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் உன் கம்பெனி வாசலுக்கே வந்து உன் கையில் கொடுக்கச் சொல்லப் போகிறேன். பத்து மணி ஆவதற்குள் நான் மனம் மாறி அவள் ஆபீசுக்குப் போன் செய்வேன், என்னை எனக்குத் தெரியும். அழுவேன், உடம்பு சரியில்லை என்றுகூடச் சொல்வேன். என்ன சொன்னாலும் இதை என்னிடம் திருப்பித் தரக் கூடாது என்று அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் கொடுப்பேன்.

உன் அம்மா